ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நம்மைப் பற்றிய காகிதங்கள்: கேட்டு வாங்குவது எப்படி?

(நாகை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளரும் ரைஸ் மில் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் ஆற்றிய உரை.)



நான் வக்கீல் அல்ல, வக்கீல் குமாஸ்தா. கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடும் வேலை என்னுடையதல்ல. கட்டுக் கட்டாகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு ஒரு செக்ஷனிலிருந்து இன்னொரு செக்ஷனுக்கு நடப்பவன் நான். ஆகையால் சட்ட தத்துவம் பேசப் போவதில்லை. நம்மைப் பற்றி ஸ்டேஷனில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், கோர்ட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள், அதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, இல்லையென்று சொன்னால் என்ன செய்வது, இவ்வளவுதான் என் பேச்சு.

சில வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். கடலோரத்து ஊர் ஒன்றில் கூலிப் பாக்கி கேட்டு ரோடு மறியல் நடந்தது. வழக்குப் போட்டார்கள். 11 பேர் பெயர் எழுதி, அதற்குக் கீழே ‘மற்றும் பலர்’ என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தார்கள். தோழர்களே, அந்த ‘மற்றும் பலர்’ இருக்கிறதே, அது காலி மூட்டை. எவனை வேண்டுமானாலும் பிற்பாடு அதற்குள் போட்டுக் கட்டலாம்.

மூன்று வருஷம் கழிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். மாட்டுப் பொங்கலன்று வீட்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். “உன் பேரில் வாரண்டு இருக்கிறது, நட!” குற்றப்பத்திரிகையில் அவன் 14-வது எதிரி. மறியல் நடந்த அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை. அவனுக்கு வழக்கு இருப்பதே தெரியாது. வாய்தாவுக்கு வரவில்லை என்று வாரண்டு!

அந்த ஊர்க் கிளையில் ஒரு பெரியவர். நாலாவதுகூடப் படிக்காதவர். மறியல் நடந்த மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய் நின்று, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ‘எப்போதாவது தேவைப்படும்’ என்பது அவர் கணக்கு. அந்த நகலில் 11 பெயர்தான். பையனின் பெயரில்லை, அடையாளமும் இல்லை. முதல் தகவலில் பெயரில்லை என்பதாலேயே ஒருவன் தப்பிவிட முடியாது. விசாரணையில் பெயர் சேர்வதுண்டு, சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தோடு திருப்பூர்க் கம்பெனியின் வருகைப் பதிவேட்டையும் சேர்த்துக் கோர்ட்டில் வைத்தபோது, “இவன் பெயர் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்விக்குப் போலீஸ் தரப்பில் பதிலில்லை. பையன் விடுதலையானான். ஆனால் மூன்று மாத வேலை போனது போனதுதான்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தகரப் பெட்டிக்கு என்ன விலை?

ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு

முதலில் ஸ்டேஷன். நம் ஜனங்கள் புகார் கொடுத்துவிட்டுச் சின்னச் சீட்டொன்றை வாங்கி வருகிறார்கள். “கேஸ் போட்டாச்சு அண்ணே” என்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் சி.எஸ்.ஆர்.! தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் மனு வந்ததைப் பதிந்து கொடுக்கும் ரசீது அது. ரேஷன் கார்டு தொலைந்தால், வாய்ச்சண்டை என்றால் அது போதும். அடித்துக் கையை முறித்தவன் மேல், குடிசையைக் கொளுத்தியவன் மேல் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். போதாது. அதற்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை, அதாவது எப்.ஐ.ஆர். அதில் ‘குற்ற எண்’ என்று ஒரு நம்பரும், கூடவே வருஷமும் இருக்கும். அந்த நம்பர் இருந்தால் வழக்கு இருக்கிறது. சி.எஸ்.ஆர். நம்பர் மட்டும் இருந்தால், மனு மேஜையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். பதிந்தே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் புரொசீஜர் கோடு போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. வாயில் நுழையாத பெயர். ஆனால் அதன் 173-வது பிரிவை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாயால் சொன்ன புகாரை எழுதி, புகார் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்டி, அதன்பின்தான் கையெழுத்து வாங்கவேண்டும். எழுதியதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ உடனே, இனாமாகக் கொடுக்கவேண்டும். மூன்று வருஷமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். “விசாரிக்கிறோம், போய் வா” என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில், யார் அனுமதியில், என்றைக்கு முடியும் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

“இது எங்கள் எல்லை இல்லை” என்பது இன்னொரு பழைய பல்லவி. கடலோரத்தில் இந்தப் பல்லவி கொஞ்சம் அதிகம். கடலில் நடந்தது என்றால் மரைன் போலீஸைக் காட்டுவார்கள். மரைனில் கேட்டால் ஊர் ஸ்டேஷனைக் காட்டுவார்கள். நடுவில் வலையை அறுபடக் கொடுத்தவன் பந்து மாதிரி உருளுவான். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பவேண்டும் என்று இதே 173-வது பிரிவு சொல்கிறது. ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்று அதைச் சொல்கிறார்கள்.

பதிய மறுத்தால்? வாசலில் நின்று கத்திப் பிரயோஜனமில்லை. புகாரை எழுதி, போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில். அந்தத் தபால் ரசீதை உயிர்போலப் பாதுகாத்து வையுங்கள். அங்கேயும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அப்போது முதல் கேள்வியே, “எஸ்.பி.க்கு எழுதினாயா? அத்தாட்சி எங்கே?” என்பதுதான்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் மேல் நடந்த கொடுமையானால், 1989-ம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு 2015-ல் போட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, வாசித்துக் காட்டி, நகலை உடனே கொடுப்பது அந்தச் சட்டத்தில் அதிகாரியின் கடமை என்றே எழுதியிருக்கிறது. அவர் தயவு செய்து கொடுப்பதல்ல.

எதிரியாகச் சேர்க்கப்பட்டவன் என்ன செய்வது?

நம் கூட்டத்தில் புகார் கொடுத்தவர்களைவிட, வழக்கு வாங்கியவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். (சிரிப்பு.) உங்களுக்கும் வழி உண்டு.

2016 செப்டம்பரில் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விவரமாக உத்தரவு போட்டது. தன் பெயர் ஒரு வழக்கில் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவன், தானே போகவேண்டியதில்லை. மனைவியையோ, அண்ணனையோ, சங்கத்துத் தோழரையோ அனுப்பி மனுக் கொடுக்கலாம். ஸ்டேஷனில் அல்லது எஸ்.பி. ஆபீசில். கட்டணம் கட்டினால் 24 மணி நேரத்தில் நகல் கொடுக்கவேண்டும். எப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போய்விட்டால் கோர்ட்டிலே மனுப் போடலாம். இரண்டு வேலை நாளில் கிடைக்கவேண்டும்.

கோர்ட்டில் எப்.ஐ.ஆர். எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? பதிந்த உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷன் ரைட்டர் “பீரோ சாவி அய்யாகிட்ட இருக்கு, நாளைக்கு வா” என்று எத்தனை நாள் சொன்னாலும், அதே காகிதம் கோர்ட்டிலும் இருக்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டவன் ரைட்டரிடம் கெஞ்சமாட்டான்.

அதே உத்தரவில், எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் போடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. டெலிபோன் வசதி மோசமான இடமென்றால் அதிகபட்சம் 72 மணி நேரம். தமிழ்நாடு போலீஸின் பொதுமக்கள் சேவைப் பக்கத்தில் ஜில்லா, ஸ்டேஷன், வருஷம், குற்ற எண் போட்டால் பார்க்கலாம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பாலியல் குற்றம், குழந்தைகள் மேல் நடந்த குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளை அங்கே போடமாட்டார்கள். அது சரிதான். அப்படிப்பட்ட வழக்கின் நகல் பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டார் கைக்கு வந்தாலும், அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் விடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவதே குற்றம். நியாயம் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு நாமே இன்னொரு கொடுமை செய்யக்கூடாது.

கைதான அன்று என்ன செய்வது? கைதுக் குறிப்பு எழுதவேண்டும். அதில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ ஒரு சாட்சி கையெழுத்துப் போடவேண்டும். குடும்பத்துக்குத் தகவல் சொல்லவேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. புதுச் சட்டத்தில் 36-வது பிரிவு. 37-வது பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: ஒவ்வொரு ஸ்டேஷனிலும், ஜில்லாத் தலைமையிலும் கைதானவர்களின் பெயர், விலாசம், குற்ற விவரம் எல்லாரும் பார்க்கும்படி வைக்கவேண்டும், அதற்கென்று ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்கவேண்டும். ஆளைக் கூட்டிப் போனார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றால், அந்த அதிகாரி யார் என்று முதலில் கேளுங்கள்.

ஸ்டேஷனில் அடித்தார்களா? காமிராப் பதிவு இருக்கிறது. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன்களில் காமிரா வைத்து, பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு. பதிவு தானாக உங்கள் வீடு தேடி வராது. நாள், நேரம் குறித்து, ‘இந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள்’ என்று உடனே எழுத்தில் கேட்கவேண்டும். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அழிந்துபோயிற்று என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும்.

கொடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியவேண்டும்

எல்லாம் கிடைக்கும் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற விரும்பவில்லை. விசாரணை அதிகாரி தினமும் எழுதும் கேஸ் டயரியை எதிரிக்குக் காட்டமாட்டார்கள், சட்டமே தடுக்கிறது. குற்றப்பத்திரிகையை எல்லாரும் பார்க்க இணையதளத்தில் போடவேண்டும் என்று கேட்ட வழக்கை 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஆனால் வழக்கில் உள்ள எதிரிக்கு அது வேறு விஷயம். எப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலம், குற்றப்பத்திரிகை எல்லாவற்றையும் அவன் கோர்ட்டில் ஆஜரான 14 நாளுக்குள் இனாமாகக் கொடுக்கவேண்டும். 230-வது பிரிவு. பாதிக்கப்பட்டவருக்கும், வக்கீல் வைத்திருந்தால், கொடுக்கவேண்டும். கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா, நடுவில் பக்கம் குறைகிறதா, மங்கி வாசிக்க முடியாமல் இருக்கிறதா என்று பார்த்து அன்றைக்கே சொல்லுங்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருஷம் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

புகார் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸார் உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும். இது புதுச் சட்டத்தில் வந்தது. 91-வது நாள் ஒரு கடிதம் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் கேட்டுக் கிடைக்காத மற்ற விவரங்களுக்கு 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம். கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. எதற்குக் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமையில்லை. 30 நாளில் பதில். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். ‘விசாரணை நடக்கிறது, ஆகவே தரமுடியாது’ என்று ஒரே வரியில் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது. தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்டவேண்டும். 30 நாளுக்குள் மேல் அதிகாரிக்கு அப்பீல், அதன்பின் 90 நாளுக்குள் சென்னையிலுள்ள தகவல் கமிஷனுக்கு இரண்டாவது அப்பீல்.

ஆனால் இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகாதீர்கள். வழக்குக் கட்டிலிருந்து நகல் வேண்டுமென்றால் கோர்ட்டின் சொந்த விதிப்படிதான் கேட்கவேண்டும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நகல் செக்ஷன்

சரி, கோர்ட்டுக்கு வருவோம். இது என் ராஜ்யம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஸ்டேஷனில் வழக்குக்கு ஒரு நம்பர், கோர்ட்டில் இன்னொரு நம்பர். குற்ற எண்ணைச் சொல்லிக் கோர்ட்டில் தேடினால் குமாஸ்தாவுக்கே சள்ளை. குற்றப்பத்திரிகையைக் கோர்ட்டு எடுத்துக்கொண்டதும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ‘சி.சி.’ நம்பர் விழும். செஷன்ஸுக்குப் போகவேண்டிய பெரிய வழக்கென்றால் முதலில் ‘பி.ஆர்.சி.’ நம்பர், செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனபின் ‘எஸ்.சி.’ நம்பர். ஒரே வழக்குக்கு மூன்று பெயர்! இதில் எது என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் வராந்தா வராந்தாவாக அலைகிறார்கள்.

இப்போது இ-கோர்ட்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. வழக்கு ஒவ்வொன்றுக்கும் 16 எழுத்து, எண் கொண்ட சி.என்.ஆர். என்ற அடையாளம். அது தெரிந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு, போன தடவை என்ன உத்தரவு என்பதெல்லாம் போனிலேயே தெரியும். தெரியாவிட்டால் ஸ்டேஷன் பெயரும் குற்ற எண்ணும் வருஷமும் போட்டுத் தேடலாம். ஆள் பெயரைப் போட்டுத் தேடுவதில் ஒரு கஷ்டம் உண்டு. நம் பெயர்களை இங்கிலீஷில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ‘கோவிந்தம்மாள்’ என்ற பெயரை ஐந்து விதமாக எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். பெயரைப் போட்டுப் பார்த்தேன், வழக்கே இல்லை என்று சந்தோஷப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். எழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். நம்பரை வைத்துப் பாருங்கள்.

சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் நகல் மனு. வழக்கு நம்பர், கட்சிக்காரர்களின் பெயர், எந்தத் தேதி உத்தரவு, என்ன காகிதம் என்று எழுதி, கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டிக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின்தான் நம் ஜனங்கள் தவறு செய்கிறார்கள். மனுக் கொடுத்தாயிற்று, கூப்பிடுவார்கள் என்று ஊருக்குப் போய் நாற்று நடப் போய்விடுகிறார்கள். கூப்பிடமாட்டார்கள்! இத்தனை நகல் தாள் கட்டு என்று நோட்டீசுப் பலகையில் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து. ஆகவே மனுக் கொடுத்தவர், அல்லது அவர் சார்பில் ஒருவர், பலகையைப் பார்த்தாக வேண்டும். கிளைக்கு ஒருவரை இதற்கென்று வைத்துக்கொண்டால் பத்துப் பேர் வேலை ஒரே நடையில் முடியும்.

நகல் கைக்கு வந்ததும் முத்திரையோடு இருக்கும் தேதிகளைப் பாருங்கள். மனுக் கொடுத்த தேதி, தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி. இந்தத் தேதிகளில் பலருடைய ஜெயில் வாசம் அடங்கியிருக்கிறது. தண்டனை விழுந்தால் அப்பீலுக்குக் கெடு உண்டு. ஜில்லா கோர்ட்டுக்கென்றால் 30 நாள், ஹைக்கோர்ட்டுக்கென்றால் 60 நாள். ஆனால் நகல் தயாராவதற்குக் கோர்ட்டு எடுத்துக்கொண்ட நாட்களை அந்தக் கெடுவிலிருந்து கழித்துவிடலாம். நாம் தாள் கட்டாமல் தாமதித்த நாட்களைக் கழிக்கமுடியாது. தண்டிக்கப்பட்டவனுக்குத் தீர்ப்பின் நகலை உடனே, இனாமாகக் கொடுக்கவேண்டும் என்று 404-வது பிரிவு சொல்கிறது. கேட்காமல் ஜெயில் வண்டியில் ஏறிவிடாதீர்கள்.

வழக்கில் சம்பந்தமில்லாதவர் கேட்டால்? சங்கம் ஒரு பழைய தீர்ப்பைப் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன காரணம் என்று பிரமாணப் பத்திரம் போட்டு, கோர்ட்டின் அனுமதி வாங்கவேண்டும். கொஞ்சம் நடை அதிகம், அவ்வளவுதான்.

பழைய காகிதம் எங்கே?

நம் ஜில்லாவுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஜில்லாவைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1991 வரை நாம் தஞ்சாவூர் ஜில்லா. அந்த வருஷம் நாகை பிரிந்தது. 1997-ல் திருவாரூர் தனியானது. 2020-ல் மயிலாடுதுறை பிரிந்தது. ஆள் அதே ஊரில் இருக்கிறான். அவனுடைய காகிதம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. தரங்கம்பாடிக்காரர் ஒருவரின் பழைய போலீஸ் ஆபீசு ரிக்கார்டைத் தேடினால் நாகையிலும் கேட்கவேண்டியிருக்கும். ஹைக்கோர்ட்டிலும் இப்படித்தான். 2004-ல் மதுரைக் கிளை வந்தபின் தஞ்சாவூர் ஜில்லா வழக்குகள் மதுரைக்குப் போகின்றன. நாகை வழக்குகள் சென்னைக்குத்தான். எல்லையோரத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தவறான ஊருக்குப் போய்த் திரும்பினால் ஒரு வாரக் கூலி போச்சு.

எல்லாக் காகிதமும் என்றைக்கும் இருக்காது. இத்தனை வருஷம் வைத்திருந்து அழிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆகவே தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆகாது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு வெண்மணியைச் சொல்லாமல் இதைப் பேசமுடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் குடிசைக்குள் 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். 1970-ல் இதே நாகை செஷன்ஸ் கோர்ட்டு நிலச்சுவான்தாருக்கும் வேறு சிலருக்கும் தண்டனை கொடுத்தது. 1973-ல் ஹைக்கோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், அந்தஸ்துள்ளவர்கள், அவர்களே நேரில் நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. ஐம்பது வருஷம் கழித்தும் அதை எடுத்து வைத்துப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். அந்த வாசகம் காகிதத்தில் இருப்பதால்தானே? வாய்வார்த்தையாக இருந்தால், அப்படி யாரும் சொல்லவில்லை என்று இன்றைக்கு மறுத்திருப்பார்கள்.

கேள்விகளும் பதிலும்

ஒரு தாய் சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது?’ நல்ல கேள்வி. ஸ்டேஷனில் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை. வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வைக்காதீர்கள்; வெற்றுத் தாளில் ஒருநாளும் வைக்காதீர்கள். தகவல் உரிமை மனுவையும் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுத்து உதவ வேண்டியது அந்த ஆபீசின் தகவல் அதிகாரி கடமை, சட்டத்திலேயே இருக்கிறது.

மில் தோழர் ஒருவர் கேட்கிறார்: ‘வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே?’ 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர், வெள்ளம் புயல் போன்ற பேரிடரில் அடிபட்டவர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. ஜில்லா கோர்ட்டிலேயே அந்த ஆபீசு இருக்கிறது. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தாலும் கேட்கலாம். நகல் வாங்குவதற்கும் அவர்கள் உதவவேண்டும். புரோக்கரிடம் போகாதீர்கள். எங்கே பணம் கட்டினாலும் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பணம் கோர்ட்டுக்குப் போகிற பணமல்ல.

இன்னொரு சீட்டு: ‘நகலை எங்கே வைப்பது?’ சிரிக்காதீர்கள், இது பெரிய கேள்வி. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது எத்தனை வீட்டில் பத்திரம், பட்டா, கேஸ் கட்டு எல்லாம் கூரையோடு போயிற்று! பாலிதீன் உறையில் போட்டு வீட்டில் ஒன்று, சங்க ஆபீசுப் பெட்டியில் ஒன்று. போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஒன்று அனுப்பிவையுங்கள். போனால் போகட்டும், குற்ற எண்ணும் வருஷமும் ஸ்டேஷன் பெயரும் தெரிந்தால் மறுபடி மனுப் போட்டு வாங்கிவிடலாம். அந்த மூன்றையும் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதிவைத்தாலும் சரிதான்.

கடைசியாக ஒரு வேலை. இங்கே வந்திருப்பவர்களில் பேரில் வழக்கு இருக்கிறதோ என்று சந்தேகம் உள்ளவர்கள், மறியலில் நின்றவர்கள், பிழைப்புக்குத் திருப்பூர், கோவை போயிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடதுபக்கம் வாருங்கள். நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறேன். முழுப் பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த வருஷம், எந்த ஸ்டேஷன். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். ஆதார் கார்டில் உள்ள பெயரைச் சொல்லுங்கள், ஸ்டேஷனில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள். திங்கட்கிழமை நகல் செக்ஷன் திறந்ததும் முதல் கட்டு நம்முடையது.